மறியலால் தப்பினவர்களும் துரத்தினவரும்: வாசகர் கேள்வி பதில்

நம் இதழில் வந்துகொண்டிருந்த குற்றத் தொடர்கதை போன இதழோடு முடிந்துவிட்டது. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. இடையில் தவறவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் நோக்கி வரும் சிறைச்சாலை பஸ் பரந்தன் தாண்டிப் பழுதாகி நிற்க, மூன்று தண்டனைக் கைதிகள் இருட்டோடு இருட்டாகத் தப்புகிறார்கள். மூத்தவர் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவர். இரண்டாமவன் கேரளக் கஞ்சா கடத்தியவன். மூன்றாவது ஆள் 24 வயதுப் பெடியன், ஒரு பலசரக்குக் கடைக்காரரைக் கொன்றதாக உள்ளே போனவன். அந்தக் கொலையை அவன் செய்யவில்லை. காசு வாங்கிக்கொண்டு அவனை மாட்டிவிட்ட இன்ஸ்பெக்டர்தான் இப்போது அவனைத் தேடும் பொறுப்பிலும் இருக்கிறார். காசு கொடுத்தது யார் என்பது மறியலுக்குள் வைத்துத்தான் பெடியனுக்குத் தெரியவருகிறது. அவன் உயிரோடு பிடிபட்டு வாயைத் திறந்தால் இன்ஸ்பெக்டரின் உத்தியோகம் போகும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: குடி, இலஞ்சம், பொய் வழக்கு என்று இன்ஸ்பெக்டரை ஏன் ஐயா இவ்வளவு கெட்டவராகக் காட்டினீர்கள்? ஒரு நல்ல பொலிஸ்காரர் கிடைக்கவில்லையா?
– ஓய்வுபெற்ற அரச ஊழியர், கொக்குவில்

நல்லவர் கதையில் இருக்கிறார், அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் இன்ஸ்பெக்டர். குறையுள்ள பொலிஸ்காரரை வைத்துக் கதை எழுதுவது இப்போது எல்லோரும் செய்கிற வேலையாகிவிட்டது. ஆள் குடிப்பார், மனைவி பிரிந்துபோயிருப்பார், மகள் கதைக்கமாட்டாள், ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார், விடிந்ததும் எழும்பி ஒரு சிகரட் துண்டைப் பார்த்துக் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் குடியால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் வராது. எனக்கு அப்படியான குறையில் ஒரு துளியும் அக்கறை இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவரின் குறை அவருடைய வீட்டோடு நிற்காது. அவர் காசு வாங்கினால் கோப்பிலிருந்து ஒரு சாட்சியின் வாக்குமூலம் காணாமல் போகும். அது காணாமல் போனால் ஒரு பெடியன் உள்ளே போவான், உண்மையில் கொன்றவன் திருநெல்வேலிச் சந்தையில் நின்று மரக்கறி வாங்குவான், செத்தவரின் மனைவி வருசக்கணக்காகத் தவறான ஆளை வெறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் குறை யார் தலையில் விடிகிறது என்று கடைசிவரை தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் கதை என்று நான் நம்புகிறேன். தப்பி ஓடுவதும் துரத்துவதும் அதைச் சொல்வதற்கான வழி.

அவரிடம் நல்லதும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வேலை தெரிந்தவர். கடமையில் இறந்துபோன ஒரு கான்ஸ்டபிளின் பிள்ளையைப் படிப்பிக்கிறவர். இந்தக் கையால் படிப்பிக்கிறவர்தான் அந்தக் கையால் கோப்பைக் கிழித்தார். இரண்டும் ஒரே ஆள்.

நல்லவர் யாரென்றால் அந்தப் பெண் சார்ஜன்ட். 9ஆம் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். பொலிஸ் நிலையத்துத் தகவல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுது, பிறகு நிரப்பலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். சார்ஜன்ட் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை, முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை, அடுத்த வரியிலேயே நேரத்தைப் போட்டு எழுதத் தொடங்குகிறார். பிறகு வழக்கு முழுக்க அந்த ஒரு பக்கத்தில்தான் தங்கி நிற்கிறது.

கேள்வி: பரந்தனில் தப்பினவர்கள் முல்லைத்தீவுப் பக்கம் காட்டுக்குள் போகாமல் எதற்காகக் குடாநாட்டுக்குள் வந்தார்கள்? வந்து அகப்படத்தானே?
– வாசகர், கிளிநொச்சி

பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால் உங்கள் கேள்வி மெத்தச் சரி. கிழக்கே போனால் முல்லைத்தீவு, மேற்கே போனால் பூநகரி, தெற்கே வன்னிக் காடு. வடக்கே வந்தால் ஆனையிறவு, அதற்கப்பால் சுற்றிவரத் தண்ணீர். குடாநாட்டிலிருந்து வாகனத்தில் வெளியேற உருப்படியான பெருந்தெரு இரண்டுதான்: ஒன்று ஆனையிறவு, மற்றது 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். இரண்டிலும் பொலிஸை நிறுத்திவிட்டால் வாய் கட்டின சாக்குக்குள் எலி மாதிரித்தான்.

ஆனால் தப்பி ஓடுகிறவன் வரைபடத்தைப் பார்த்து ஓடுவதில்லை. தெரிந்த இடத்துக்குத்தான் ஓடுவான். காட்டுக்குள் போனால் ஒளிக்கலாம், சாப்பிட முடியாது. மூத்தவருக்கு மகளின் கலியாணம் மூன்று நாளில். கஞ்சாக்காரனுக்கு வடமராட்சிக் கரையில் வள்ளம் வைத்திருக்கிற கூட்டாளிகள் இருக்கிறார்கள், அங்கிருந்து இந்தியக் கரை பக்கம். பெடியனுக்குப் போக இடமில்லை, அந்த இரண்டு பேரோடும் வருகிறான். மற்றது, தெருவை மறிக்கலாம், கடனீரேரியை மறிப்பது கஷ்டம். பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்கும் வராது. 90களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தபோது கிளாலியால் இராவிராவாக வள்ளத்தில் கடந்த சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கடவையில் உயிர் போனவர்களும் எத்தனையோ பேர். 4ஆம் அத்தியாயத்தில் மூத்தவர் தண்ணீருக்குள் இறங்கமாட்டேன் என்று நின்று அழுகிறாரே, அதற்குக் காரணம் அந்தக் காலம்தான்.

கேள்வி: பொலிஸ் நாய் உப்பளத்தில் வந்து நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீருக்குள் இறங்கினால் மோப்பம் அறுந்துபோகும் என்பது உண்மையா, சினிமாக் கதையா?
– உயர்தர மாணவன், பருத்தித்துறை

பாதி உண்மை. நாய் தேடிப்போவது எங்கள் உடம்பிலிருந்து ஓயாமல் உதிர்கிற தோல் துகளையும் வியர்வை நாற்றத்தையும், அதோடு காலால் மிதிபட்ட புல்லும் மண்ணும் விடுகிற மணத்தையும். தண்ணீருக்குள் இறங்கினால் நிலத்து மணம் இல்லாமல் போகும், ஆனால் துகள்கள் மிதக்கும், காற்றில் கரைக்கு ஒதுங்கும். அதனால் பழக்கப்பட்ட நாய்க்காரர் நாய் நின்ற இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார், கரையோரமாக இரண்டு பக்கமும் நடத்திக்கொண்டு போய், ஆள் ஏறின இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார். கதையில் நாயைத் தோற்கடித்தது வெயில். இரவின் ஈரத்தில் மணம் நிலத்தோடு கிடக்கும், மத்தியான வெயிலில் சுட்டுக்கிடக்கிற வெட்டையில் வெகு சீக்கிரம் போய்விடும். இன்ஸ்பெக்டர் விடியவே நாயைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் மத்தியானம்வரை தாமதித்தார். ஏன் தாமதித்தார் என்று அப்போதே யோசித்த வாசகர்கள் முடிவை முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள்.

கேள்வி: தேத்தண்ணிக்கடைக் காட்சியை வாசிக்கும்போது எனக்குக் கை நடுங்கிவிட்டது. துவக்கும் இல்லை, அடியும் இல்லை. அதை எப்படி யோசித்தீர்கள்?
– வாசகி, மானிப்பாய்

எங்கள் ஊரில் புதிதாக ஓர் ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன், அவ்வளவுதான் அம்மா. பெரிய நகரத்துக் கதையில் தப்பினவன் சனக்கூட்டத்துக்குள் கலந்துவிடுவான். இங்கே கலக்க ஏலாது. பெடியன் பசி தாங்காமல் காலமை ஒரு கடைக்குள் போய் வாங்கில் இருக்கிறான். கடைக்காரக் கிழவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "தம்பி எவடம்?" என்கிறார். அவன் ஒரு ஊரைச் சொல்கிறான். "அங்கை ஆற்றை பிள்ளை?" அவன் ஒரு பெயரைச் சொல்கிறான். "ஆர், கோயிலடியிலை இருந்த ஆளோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை இருந்த ஆளோ?" இப்போது அவன் இரண்டில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கோயிலடி என்கிறான். கிழவர் தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு, "அவருக்குப் பெடியன் இல்லையே ராசா, மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்" என்கிறார்.

கிழவருக்கு அவனைப் பிடித்துக் கொடுக்கிற எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு அது வழக்கமான விசாரிப்பு. இருபது வருசம் பொலிஸில் இருந்தவர் கேட்கத் தெரியாத கேள்வியை எங்கள் ஊரில் தேத்தண்ணி ஆற்றுகிறவர் கேட்பார். 1963இல் கிராம சேவகர் முறை வரும்வரைக்கும் ஊரின் அமைதியைப் பார்த்தது விதானையார்தானே. அவர் கையில் துவக்கு இருக்கவில்லை, யார் யாருடைய பிள்ளை, எந்த வளவில் எந்த மாடு என்கிற அறிவு இருந்தது. களவு போனால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். அந்த அறிவை வைத்து நியாயம் செய்த விதானையும் உண்டு, பகை தீர்த்த விதானையும் உண்டு. இரண்டு வகையும் எங்கள் பெரியவர்களின் கதைகளில் வரும்.

அந்தக் காட்சியில் நான் ஆகவும் யோசித்து எழுதினது கடைசி வரிதான். கிழவர் காசு வேண்டாம் என்கிறார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

கேள்வி: பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பெடியன் எப்படித் தண்டிக்கப்பட்டான்? இது கதையின் ஓட்டை இல்லையா?
– சட்டம் படிக்கும் மாணவி, திருநெல்வேலி

ஓட்டை சட்டத்தில் இருக்கிறது தங்கச்சி, அதைத்தான் கதை பிடித்துக்கொண்டு போகிறது. நீங்கள் படித்தது சரி. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இடம்கொடாது. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. ஆனால் 27ஆம் பிரிவு என்று ஒன்று பின்னால் நிற்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு அவர் சொன்னதை நிரூபிக்கலாம். "நான் கத்தியைக் கிணற்றடியில் தாட்டேன், காட்டுகிறேன்" என்றான், போய்த் தோண்டினோம், கத்தி இருந்தது. நேர்மையான அதிகாரியின் கையில் இது நியாயமான பிரிவு. கத்தியை முதலே தாட்டு வைத்தவரின் கையில் இது என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்ஸ்பெக்டர் செய்தது அதுதான், அதனால்தான் கிணற்றடி மண் ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா என்று சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் விடாமல் கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தப் பாதுகாப்பையே தூக்கிவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக எடுக்கலாம், அதைப் பயமுறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாரம் உள்ளே இருப்பவரின் தலையில். தற்காலிகம் என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாகிவிட்டது. அந்த ஒப்புதல்களில் கையெழுத்து வைத்துவிட்டு வருசக்கணக்காக உள்ளே கிடந்தவர்களின் குடும்பம் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் குறைவு. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை தனிக் குற்றம், ஆகக் குறைந்த தண்டனை ஏழு வருசம், கூடியது பத்து. சட்டம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மாதிரி ஆட்கள் தங்கள் உத்தியோகம் போகும் என்று மட்டும்தான் பயப்படுகிறார்கள், ஏழு வருசத்துக்குப் பயப்படுவதில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதினேன், கோபம் வாசிக்கும்போது தெரிந்திருந்தால் சந்தோசம்.

கேள்வி: கஞ்சாக்காரன் கடைசியில் செத்தானா, இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தானா?
– வாசகர், வல்வெட்டித்துறை

தெரியாமலே விட்டேன், அப்படியே இருக்கட்டும். 1962 ஜூனில் அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து மூன்று பேர் தப்பினார்கள். படுக்கையில் பொம்மைத் தலைகளை வைத்து, சலூனில் பொறுக்கின தலைமயிரை அதில் ஒட்டி, மழைக்கோட்டுகளைத் தைத்து மிதவை செய்து இறங்கினவர்கள். உயிரோடும் பிணமாகவும் அவர்கள் அகப்படவே இல்லை. எஃப்.பி.ஐ. 1979இல் கோப்பை மூடியது. கடலுக்குள் போனவன் கதையை முடித்து வைக்க யாராலும் ஏலாது.

கேள்வி: எங்கள் நாட்டில் உண்மையிலேயே இப்படித் தப்பின பிரபலமான கைதிகள் இருக்கிறார்களா?
– நூலக ஊழியர், ஊர்காவற்றுறை

நிறைய. முதல் பெயர் சரதியேல். கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லைக்குப் பக்கத்தில் உதுவன்கந்த மலையில் இருந்துகொண்டு வழிப்பறி செய்தவன், மறியலிலிருந்து தப்பினவன், இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று சனம் இன்றைக்கும் சொல்கிற ஆள். 1864 மார்ச் 21ஆந் திகதி அவனைச் சுற்றிவளைத்தபோது சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். அந்தத் திகதியைத்தான் பொலிஸ் திணைக்களம் கடமையில் உயிர்விட்டவர்களின் நினைவு நாளாக வைத்திருக்கிறது. சரதியேலையும் அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்காரையும் அதே வருசம் மே மாதம் கண்டியில் தூக்கில் போட்டார்கள். கொள்ளைக்காரனைப் பற்றி எவ்வளவோ கதை இருக்கிறது, சபானின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது மரு சிரா, உண்மைப் பெயர் சிறிபால. திரும்பத் திரும்பத் தப்பினவன். 1975இல் அவனைத் தூக்கிலிடுகிற நாளிலும் தப்பிவிடுவானோ என்ற பயத்தில் மயக்க மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். நிற்க ஏலாமல் கிடந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினபடியே கயிற்றைப் போட்டார்கள். விழுகிற உயரம் நிற்கிற ஆளுக்குக் கணக்குப் போட்டது. கழுத்து முறியாமல் மூச்சு முட்டித்தான் அவன் இறந்தான். நாட்டில் பெரிய சர்ச்சையாகி விசாரணை ஆணைக்குழுவும் வந்தது. அடுத்த வருசம், 1976இல்தான் இலங்கையில் கடைசித் தூக்கு. தீர்ப்பு இன்றைக்கும் சொல்கிறார்கள், நிறைவேற்றுவதில்லை. என் கதையின் முதல் பொறி அந்த ஸ்ட்ரெச்சர்தான். கொலைகாரனாகவே இருக்கட்டும், அவனைக் காவலில் வைத்திருப்பவர்களின் பயம் அவனுக்கு என்ன செய்துவிடுகிறது பாருங்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. 1983 ஜூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களை மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றினார்கள். அந்த வருசம் செப்ரெம்பர் 23ஆந் திகதி இரவு அவர்கள் சிறையை உடைத்து வெளியேறினார்கள், அவர்களோடு சாதாரணக் குற்றவாளிகளும் வெளியே வந்தார்கள். உள்ளே இருந்தால் கொல்லப்படலாம் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் ஓடினார்கள். அதனால்தான் எங்கள் சனத்துக்கு மறியலால் தப்பினவன் என்று கேட்டவுடன் கதவை இறுக்கிப் பூட்டத் தோன்றுவதில்லை, முதலில் ஏன் உள்ளே போனவன் என்று கேட்கத் தோன்றுகிறது. கதையில் ஓர் அம்மா படலையைத் திறந்து பெடியனுக்குச் சோறு போடுவது நம்பும்படி இல்லை என்று வேறொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலுக்குள் கோட்டை இருக்கிறதே, அதுவும் ஒரு காலத்தில் மறியல்தானே. அங்கிருந்து தப்புகிற மாதிரி எழுதியிருந்தால் என்ன?
– வாசகர், காரைநகர்

ஆசையாகத்தான் இருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, சுற்றிவர உப்புத் தண்ணீர். ஆனால் இப்போது அது கடற்படை நடத்துகிற விடுதி. இந்தக் காலத்துக் கைதியை அங்கே வைக்க ஏலாது.

ஆனாலும் அந்தக் கடலோடு சேர்ந்த பூதத்தம்பி கதை என் தலைக்குள் எப்போதும் உண்டு. கூத்தாக ஆடினதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அதிகாரத்தில் இருந்த அந்திராசி, பூதத்தம்பியின் மனைவி அழகவல்லி மேல் ஆசைப்பட்டு, வெற்றுத் தாளில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கி, அதில் அரச துரோகக் கடிதத்தை எழுதி, அவனைக் கொல்லப் பண்ணினான் என்பது கதை. தாளும் கையெழுத்தும் அதிகாரமும் ஒரே ஆளின் கையில். சார்ஜன்ட் வெறும் பக்கம் விட மறுக்கிற காட்சியை எழுதும்போது எனக்கு அந்த வெற்றுத் தாள்தான் கண்முன் நின்றது.

கேள்வி: கைதிகளுக்கும் பொலிஸுக்கும் இரக்கப்பட்டுவிட்டீர்கள். செத்த கடைக்காரருக்கு யார் இரக்கப்படுவது? என்ரை சொந்தத்தில் ஒரு கொலை நடந்தது. வழக்கு முடியவில்லை. வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது.
– வாசகி, நல்லூர்

அக்கா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்து, கடைசியாகப் பதில் எழுதினேன். உங்கள் வீட்டுக்கு நடந்ததற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. கதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரரின் மனைவி ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்கு வருகிறார். விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, சேலை கட்டி, பஸ் ஏறி வந்து, மேல் நீதிமன்ற விறாந்தையில் நின்று, பெயர் கூப்பிட்டவுடன் அடுத்த தவணை சொல்லிவிட, திரும்பிப் போகிறார். அவருக்குப் பெடியனின் முகம் மனப்பாடம். ராத்திரியில் அந்த முகத்தைச் சபித்துவிட்டுத்தான் படுக்கிறார். கடைசியில் கொன்றது அவன் இல்லை என்று தெரியவருகிற போது அவருக்கு என்ன நடக்கிறது? கொன்றவன் அதற்குள் வெளிநாடு போய்விட்டான். அவருக்குப் புருசனும் இல்லை, நியாயமும் இல்லை, இத்தனை வருசம் பிடித்துக்கொண்டு இருந்த கோபம்கூட இப்போது யார்மேல் என்று இல்லை. இன்ஸ்பெக்டரின் இலஞ்சம் பெடியனிடம் எடுத்ததை விடக் கூடுதலாக அந்த அம்மாவிடம்தான் எடுத்தது. பொய் வழக்குப் போடுகிறவர் உள்ளே போனவனுக்கு மட்டும் அநியாயம் செய்கிறார் என்று நினைக்கிறோம், செத்தவரின் வீட்டுக்குச் செய்கிற அநியாயத்தைப் பேசுவதில்லை. அதற்காகத்தான் 17ஆம் அத்தியாயம் முழுவதையும் அவருக்கு மட்டும் எழுதினேன், அதில் ஒரு பொலிஸ்காரரும் இல்லை, ஒரு கைதியும் இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு நான் மன்னிப்புக் கொடுக்கவில்லை. பளையில் வடலிக்குள் பெடியனைக் கண்டுபிடித்தபோது கையில் துவக்கு இருந்தது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. சுடவில்லை. பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுபோகவில்லை, நேரே நீதவானின் வாசஸ்தலத்தில் கொண்டுபோய் ஆஜர்படுத்தினார், அவன் அங்கே என்ன சொல்வான் என்று தெரிந்துகொண்டே. அது அவர் செய்திருக்க வேண்டிய வேலை, ஐந்து வருசம் பிந்திச் செய்தார்.

கேள்வி: நானும் ஒரு குற்றக் கதை எழுதுகிறேன் அண்ணை. பொலிஸ், நீதிமன்றம் ஒன்றும் தெரியாது. படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். என்ன செய்யலாம்?
– 19 வயது வாசகன், சாவகச்சேரி

தம்பி, படத்தை நிற்பாட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போம். திறந்த நீதிமன்றம், பெரும்பாலான வழக்குகளை யாரும் போய்ப் பின்வரிசையில் இருந்து கேட்கலாம். போனை நிற்பாட்டி வைத்துவிட்டு, ஒழுங்கான உடுப்போடு போம். கொலை வழக்குத்தான் வேண்டும் என்று தேடாதையும், நீதவான் நீதிமன்றத்தில் காலமை கூப்பிடுகிற சின்ன வழக்குகளைக் கேளும். விளக்கமறியல் நீடிப்பு எப்படிச் சொல்கிறார்கள், பிணைக்கு ஆள் நிற்க வந்த தாய் எங்கே பார்க்கிறார், சிறைச்சாலை உத்தியோகத்தர் கைதியோடு என்ன கதைக்கிறார் என்று பாரும். கைது செய்த ஆளைச் சாதாரண சட்டத்தின்கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், கதைக்கு மணிக்கூடு தானாக ஓடத் தொடங்கும்.

தமிழ்நாட்டு வழக்கைக் கலக்காதையும். எங்களுக்கு வக்கீல் இல்லை, சட்டத்தரணி. கமிஷனர் அலுவலகமும் இல்லை. வாசகர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

உம்முடைய பொலிஸ்காரருக்கு என்ன குறை என்று எழுதியிருந்தீர், கோபக்காரர் என்று. சரி, அந்தக் கோபத்தால் வழக்கில் எந்தச் சாட்சி வாய் மூடினார்? அதை எழுதிவிட்டு முதல் மூன்று அத்தியாயத்தையும் இதழின் முகவரிக்கு அனுப்பும். கையால் எழுதினதென்றாலும் காரியமில்லை, பக்க இலக்கம் போட்டு அனுப்பும்.